கன்ச்சிங் அருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் இருந்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் கன்ச்சிங் அருவியைப் பற்றி யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொந்தக்காரர்கள், வேலையிடத்து நண்பர்கள், பத்துமலையைப் பார்க்கத் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் சுலபம். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

கன்ச்சிங் எங்க இருக்கு? பத்துமலைக்குப் பக்கமா?

பக்கம்தான். சிலாங்கூர் மாநிலத்தில், செலாயாங்கிற்கும் ரவாங்கிற்கும் நடுவே, ஈப்போவுக்குப் போகும் பழைய சாலையை ஒட்டி இருக்கிறது. கோலாலம்பூர் நகர மையத்தில் இருந்து வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் பத்துமலையில் இருந்து இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். பெயர்ப்பலகையில் 'தாமான் எக்கோ ரிம்பா கன்ச்சிங்' என்று இருக்கும். மாநில வனத்துறை பராமரிக்கும் பூங்கா இது.

டெம்ப்ளர் பூங்காவும் இதே சாலையில்தான். கோலாலம்பூரில் இருந்து வருகிறவர்களுக்கு அது முதலில் வரும். அங்கேயே இறங்கிவிட்டு "ஏழு அடுக்கு அருவியைக் காணோமே" என்று தேடியவர்கள் உண்டு. அதேபோல், ரவாங் மாற்றுச்சாலையின் உயரமான மேம்பாலத்தில் ஏறிவிடாமல் பழைய சாலையிலேயே இருங்கள்.

மொத்தம் எத்தனை அருவி? ஏழையும் பார்த்தே ஆகணுமா?

அருவி ஒன்றுதான். ஒரே ஓடை மலையில் இருந்து ஏழு அடுக்காக இறங்கி வருகிறது. கீழ் அடுக்குகளுக்குச் சிமெண்டுப் பாதையும் படிகளும் இருக்கின்றன. குடும்பங்கள் பாய் விரித்து உட்காருவது அங்கேதான். நான்காவதை நெருங்கும்போது படிகள் செங்குத்தாகும். அதற்கும் மேலே போகப் போகப் பாதை என்று சொல்ல வேர்களும் பாறைகளும்தான் இருக்கும். சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும்.

நின்று நிதானித்துப் போனால் உச்சிக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். ஏழாவதைப் பார்க்காமல் திரும்பினால் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டீர்கள். என்னைக் கேட்டால் இதன் அழகெல்லாம் நடு அடுக்குகளில்தான். மேல் இரண்டும் ஏறுவதில் ஆசை உள்ளவர்களுக்கு.

டிக்கெட் எவ்வளவு? எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?

சில வெள்ளிதான் (மலேசிய ரிங்கிட்). வண்டி நிறுத்தவும் சிறு தொகை கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மட்டுமே அனுமதி. பெருமழை, மரம் விழுந்தது, பராமரிப்பு வேலை என்று சில நாட்கள் மூடிவிடுவார்கள். அதனால் முதல் நாளே மாநில வனத்துறையின் ஃபேஸ்புக் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எங்ககிட்ட காடி (கார்) இல்ல. ரயில்ல வர முடியுமா?

முடியும். கேடிஎம் கொமுட்டர் ரயிலில் ரவாங் வரை வந்து அங்கிருந்து கிராப் (கைப்பேசிச் செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) பிடிக்கலாம். பத்துமலை நிலையத்தில் இறங்கியும் பிடிக்கலாம். இரண்டு தடங்களும் கேஎல் சென்ட்ரல் வழியாகப் போகின்றன. ரவாங்கில் இருந்து வந்தால் சாலைத் தூரம் குறைவு.

போவது சுலபம், திரும்புவதுதான் கொஞ்சம் இழுக்கும். வாசலில் நின்று அழைத்தால் வண்டி வர நேரமாகும். மழை பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கீழே இறங்கியதும் முதல் வேலையாக வண்டிக்குச் சொல்லிவிட்டு, அப்புறம் உடை மாற்றப் போங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்பினா நல்லது?

விடிந்ததும் பசியாறிவிட்டுக் கிளம்பி, திறந்தவுடன் உள்ளே போய், பன்னிரண்டு மணிக்குள் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எத்தனை மணிக்குக் கீழே இறங்க வேண்டும் என்று கேட்கிறவர் குறைவு.

காரணம் மழை. கோலாலம்பூர் வட்டாரத்தில் காலை வெயிலில் நிலம் சூடாகி, மேகம் திரண்டு, மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டுவதுதான் வழக்கம். மலைப்பக்கம் அது இன்னும் சீக்கிரம் தொடங்கலாம். நீங்கள் குளிக்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே காட்டுக்குள் மழை பெய்துகொண்டிருக்கலாம். அதன் விளைவைக் கீழே கெப்பாலா ஆயர் என்ற திடீர் வெள்ளத்தைப் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

காலையில் போவதால் வேறு லாபங்களும் உண்டு. வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். தண்ணீர் கலங்காமல் இருக்கும். குரங்குகளும் அப்போது அவ்வளவு தைரியமாக இருக்காது.

எந்த மாசம் போகலாம்? மழைக்காலத்துல போகக்கூடாதா?

இங்கே முழுக்க மழைக்காலம், முழுக்க வறட்சி என்று பிரிக்க முடியாது. வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும். தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை அதிகம். ஜூன், ஜூலை கொஞ்சம் பரவாயில்லை. எந்த மாதமானாலும் முந்தைய பதிலில் சொன்ன நேரக்கணக்கு மாறாது.

கூட்டம் பிடிக்காதவர்கள் பள்ளி விடுமுறையையும் பெருநாள் விடுமுறைகளையும் தவிர்த்து வார நாளில் வாருங்கள். நோன்பு மாதத்தில் அமைதியாக இருக்கும், ஆனால் பகலில் சாப்பாட்டுக் கடைகளை நம்பி வராதீர்கள்.

என்ன செருப்பு போட்டுக்கிட்டு வரணும்? சிலிப்பர் போதுமா?

முதல் இரண்டு அடுக்கோடு நிற்பதாக இருந்தால் சிலிப்பர் போதும். அதற்கு மேல் வேண்டாம். பாசி பிடித்த பாறையில் சிலிப்பர் வழுக்கும். அதைவிட மோசம், வார் பாதி வழியில் அறுந்துவிடும்.

விலை உயர்ந்த மலையேற்றக் காலணி வாங்க வேண்டாம். 'கம்போங் அடிடாஸ்' என்று நம் ஊரில் கிண்டலாகச் சொல்லும் கறுப்பு ரப்பர் காலணி இருக்கிறதே, அதுதான் இந்தக் காட்டுக்குச் சரியானது. தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர்கள் போட்டுக்கொண்டது. அடியில் முட்டு முட்டாக இருப்பதால் சேற்றிலும் வேரிலும் பிடிப்பு கிடைக்கும், தண்ணீர் புகுந்தாலும் கவிழ்த்தால் வடிந்துவிடும். பெரிய மலைகள் ஏறுகிற வழிகாட்டிகளே அதைத்தான் போடுகிறார்கள். உள்ளே காலுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குதிகால் உரிந்துவிடும்.

அம்மாவுக்கு முட்டி வலி. கைக்குழந்தையும் இருக்கு. கூட்டிட்டு வரலாமா?

வரலாம், கீழ் அடுக்கோடு. அம்மா உட்கார்ந்து காலை நனைக்கிற இடத்துக்குப் பெரிய ஏற்றம் இல்லை. முட்டி வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. நான்காவது வரை எப்படியோ ஏறிவிட்டு, ஈரப் படிகளில் இறங்க முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையை முன்பக்கம் கட்டிக்கொண்டு வேர்ப்பாதையில் ஏற வேண்டாம், உங்கள் கால் எங்கே படுகிறது என்று உங்களுக்கே தெரியாது.

பெரியவர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து போவது நல்ல ஏற்பாடு. மேலே போகிறவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கீழே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மேல் அடுக்குகளில் கைப்பேசித் தொடர்பை நம்ப முடியாது.

குரங்கு தொல்லை ரொம்பவாமே?

ஆமாம். கூட்டம் கூட்டமாக இருக்கும், எல்லாம் நீள்வால் குரங்குகள். பத்துமலைப் படிகளில் தேங்காயையும் வாழைப்பழத்தையும் பறிக்கும் அதே இனம். பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டாலே ஓடிவரும், அந்தச் சத்தம் அவற்றுக்குச் சாப்பாடு. எல்லாவற்றையும் ஜிப் உள்ள முதுகுப்பையில் போட்டு மூடி வையுங்கள். குளிக்கப் போகும்போது ஒருவர் பையோடு இருக்கட்டும். கார்க் கண்ணாடியை இறக்கி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பையைப் பிடித்துவிட்டால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள். சிரிப்பது போல் பல்லைக் காட்டாதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள். குழந்தை கையில் பிஸ்கட் கொடுத்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குளிக்கலாம்தானே? ஆழம் எவ்வளவு?

குளிக்கலாம். ஆழத்தை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, ஒரு பெரிய மழைக்கு அப்புறம் குளத்தின் அடிப்பகுதியே மாறிவிடும். போன தடவை இடுப்பளவு இருந்த இடத்தில் இந்தத் தடவை குழி இருக்கலாம், மரக்கட்டை வந்து செருகியிருக்கலாம். அதனால் பாறையில் இருந்து குதிப்பது, தலைகீழாகப் பாய்வது இரண்டும் வேண்டாம். "எல்லாரும் குதிக்கிறாங்களே" என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான்.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அருவி விழும் இடத்தில் நுரை வெள்ளையாக இருக்கிறதே, அதில் பாதி காற்று. அந்தத் தண்ணீர் உங்களைத் தாங்காது, மிதப்பது கடினம். மேலிருந்து விழும் நீர் கீழே அமுக்கவும் செய்யும். அருவிகளில் மூழ்கி இறப்பவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. நுரைக்கு நேர் கீழே போகாமல், தண்ணீர் அமைதியாகிற ஓரத்தில் குளியுங்கள். குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை கொண்டு வாருங்கள், காற்றடித்த வாத்து வளையத்தை நம்பாதீர்கள்.

நான் குற்றாலம் பாத்தவன். அது மாதிரி தலைமேல தண்ணி விழற மாதிரி நிக்கலாமா?

தமிழ்நாட்டில் இருந்து வருகிறவர்கள் தவறாமல் கேட்பது இது. குற்றாலத்தில் கம்பி கட்டி, வரிசை விட்டு, போலீஸ்காரர் நின்று, அருவிக்கு அடியிலேயே நிற்க வசதி செய்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அங்கே ஒரு சடங்கு மாதிரி. கன்ச்சிங்கில் கம்பியும் இல்லை, வரிசையும் இல்லை. பிடிக்க இருப்பது பாசிப் பாறைதான். எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் ஓடையில் வேண்டாம். கீழே குளிப்பவர்கள் முகத்தில் வந்துதான் அந்த நுரை படியும்.

குற்றாலத்தையும் சேர்த்தே சொல்கிறேன்: 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். கம்பியும் காவலும் இருந்த இடத்திலேயே அப்படி.

கெப்பாலா ஆயர்னு பயமுறுத்துறாங்களே, அது என்ன?

மலைமேல் பெய்த பெருமழை, ஓடை வழியாக ஒரே திரளாக இறங்கி வருவது. சில சமயம் மேலே மரக்கட்டைகளும் குப்பையும் சேர்ந்து தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். அது உடைந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் கீழே வரும். கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த இடத்தில் ஆள் நிற்க முடியாத வெள்ளம் வரச் சில நிமிடங்கள் போதும். 2021 ஆகஸ்ட் 18 அன்று கெடாவில் குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் இப்படித்தான் வந்து உயிர்களைக் கொண்டுபோனது.

அடையாளங்கள் இருக்கும். தெளிவாக இருந்த தண்ணீர் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறும். இலையும் சுள்ளியும் வழக்கத்தைவிட அதிகமாக மிதந்து வரும். காய்ந்திருந்த பாறை ஓரம் நனையத் தொடங்கும். மேலே இருந்து ஒரு இரைச்சல் கேட்கும். அது கேட்கும்போது உங்களுக்கு நேரமே இல்லை என்று அர்த்தம். சில தடவை எந்த அடையாளமும் இல்லாமலும் வரும். அதனால்தான் நேரக்கணக்கைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தினேன்.

சரி, ஐஞ்சாவது அடுக்குல இருக்கோம், தண்ணி கலங்க ஆரம்பிச்சிருச்சு. என்ன செய்யணும்?

உடனே தண்ணீரை விட்டு வெளியே வந்து, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையை ஒட்டியே கீழ்நோக்கி ஓடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும், அது தவறு. தண்ணீர் உங்களைவிட வேகமாக இறங்கும். பை, செருப்பு, கைப்பேசி எதற்கும் திரும்பிப் போக வேண்டாம்.

அக்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயலாதீர்கள். முட்டியளவு வேகமான வெள்ளமே காலை வாரிவிடும். மேட்டில் உட்கார்ந்து காத்திருங்கள். சின்ன ஓடை என்பதால் மழை நின்று சில மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். தொடர்பு கிடைத்தால் 999ஐ அழைத்து, பூங்காவின் பெயரையும் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஏறும்போதே அடுக்கை எண்ணிக்கொண்டு போனால் இதற்கு உதவும்.

அட்டை கடிக்குமா?

மழைக்கு மறுநாள், மேல் பாதையில், கடிக்கலாம். சிமெண்டுப் பாதையில் அநேகமாக இருக்காது. நீளக் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், நகத்தை அதன் வாய்ப்பக்கம் வைத்துத் தள்ளிவிடுங்கள். உப்பும் வேலை செய்யும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்துவதால் சின்னக் காயத்தில் இருந்தும் வெகுநேரம் கசியும். பார்க்கப் பயமாக இருக்கும், வேறு ஒன்றுமில்லை.

பாம்பு, புலி எல்லாம் இருக்கா?

புலியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாம்பு உண்டு, கை வைக்கிற இடத்தையும் உட்காருகிற இடத்தையும் பார்த்துக்கொண்டால் போதும். இந்தக் காட்டில் உங்களைக் கடிக்க அதிக வாய்ப்புள்ளது கொசுதான். டெங்கி அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர், கொசு மருந்து பூசிக்கொள்ளுங்கள்.

அருவித் தண்ணிய குடிக்கலாமா? மலைத் தண்ணி சுத்தம்தானே?

குடிக்க வேண்டாம். மேல் அடுக்குகளில் குளிப்பவர்கள், குரங்குகள், எலிகள் எல்லாரும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது வீட்டில் இருந்து எடுத்து வாருங்கள். காட்டுக்குள் வெயில் தெரியாவிட்டாலும் புழுக்கத்தில் வேர்வை ஆறாக ஓடும்.

அங்க பெரிய பெரிய மரமா இருக்கே, அதெல்லாம் என்ன மரம்?

இதைக் கேட்கிறவர்கள் குறைவு, எனக்குப் பிடித்த கேள்வி. கன்ச்சிங் காட்டின் பெருமை அருவியைவிட மரங்களில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. 'கியாம் கன்ச்சிங்' என்று ஒரு மரம் உண்டு. உலகத்தில் இந்தக் காட்டைத் தவிர வேறு எங்கும் அது இயற்கையாக வளர்வதாகத் தெரியவில்லை, அழியும் விளிம்பில் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன ரவாங் மாற்றுச்சாலையை 2017 நவம்பரில் திறந்தார்கள். காட்டை வெட்டிச் சாலை போடாமல், ஓரிடத்தில் 58 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தூண்கள் மேல் தூக்கிக் கட்டியதற்கு இந்தக் காட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்ததும் காரணம்.

இன்னொன்று காப்பூர் மரம். நம் அபிஷேகத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் போடும் பச்சைக் கற்பூரம் பழைய காலத்தில் இந்த மரத்தின் உள்வெடிப்புகளில் படிந்த படிகங்களில் இருந்துதான் வந்தது. இன்றைக்குத் தட்டில் கொளுத்தும் கட்டிக் கற்பூரம் ஆலையில் செய்வது, அது வேறு. இந்த வாசனைச் சரக்கைத் தேடித் தமிழ் வணிகர்கள் சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் வரை போயிருக்கிறார்கள். அங்கே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைப் பற்றிப் பேசுகிறது. ரவாங்கில் சுற்றுலா வந்த இடத்தில் அந்த மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அண்ணாந்து பாருங்கள், பக்கத்துப் பக்கத்து மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டிருப்பது தெரியும்.

அருவியில பூஜை செய்யலாமா? பரிகாரம் செய்யச் சொல்லியிருக்காங்க.

மனதுக்குள் கும்பிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் மாலை, எலுமிச்சை, துணி, படம், மண்சட்டி எதையும் தண்ணீரில் விடாதீர்கள். ஓடையில் விட்டது கடலுக்குப் போவதில்லை, இரண்டாவது அடுக்கின் பாறை இடுக்கில் சிக்கி அழுகிக்கொண்டு கிடக்கும். உடைந்த தேங்காய்ச் சிரட்டையும் கண்ணாடி விளக்கும் அடுத்து வரும் குழந்தையின் காலைக் கிழிக்கும். கொளுத்திய கற்பூரம் காய்ந்த சருகில் விழுந்தால் வேறு வம்பு.

இங்கே எல்லா இனத்தவரும் குடும்பத்தோடு வருகிறார்கள். நாம் விட்டுப்போகும் மாலையைப் பார்த்து யாருடைய குப்பை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இதைச் சொன்னால் சில மாமாக்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

ஏழாவதுக்கு மேலயும் ஒரு பாதை போகுதே, அதுல போய்ப் பாக்கலாமா?

வேண்டாம். பூங்காவுக்குச் சீட்டு வாங்கியதால் சுற்றியுள்ள வனக்காட்டில் நடக்கவும் அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். சிலாங்கூர் ஏற்றுக்கொண்ட 1984 தேசிய வனச் சட்டத்தின்படி 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், அடையாளம் இல்லாத பாதையில், தொடர்பு இல்லாத இடத்தில், மதியம் தாண்டி வழி தவறுவது எவ்வளவு சுலபம் என்று தேடுதல் குழுவினரைக் கேட்டால் சொல்வார்கள். மலை ஏறத்தான் ஆசை என்றால் அனுமதி எடுத்து, பதிவு பெற்ற வழிகாட்டியோடு வேறு மலைக்குப் போங்கள்.

ஒரு பொண்ணு தனியாப் போகலாமா, அக்கா?

வார இறுதிக் காலையில் கீழ் அடுக்குகள் வரை தாராளமாகப் போகலாம், சுற்றிலும் குடும்பங்கள் இருக்கும். வார நாளில் மேல் அடுக்குகளில் ஆளே இருக்காது. அங்கே ஆணானாலும் பெண்ணானாலும் தனியாகப் போக வேண்டாம் என்பேன், கால் பிசகினால் தூக்கிவிட ஒருவர் வேண்டுமே. உடையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள்: டி-சட்டையும் முழங்கால் வரைக்குமான கால்சட்டையும் போட்டுக் குளிப்பதுதான் இங்கே பெரும்பாலான பெண்களின் பழக்கம்.

பத்துமலையும் கன்ச்சிங்கும் ஒரே நாள்ல முடியுமா?

முடியும், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். காலையில் அருவி, குளித்து உலர்ந்த உடை மாற்றி, மதியம் ரவாங்கில் வாழையிலைச் சோறு, அப்புறம் பத்துமலை. பிற்பகல் மழை பிடித்தாலும் குகைக்குள் நனைய மாட்டீர்கள். காலையிலேயே 272 படி ஏறி இறங்கிவிட்டு வந்தால் கன்ச்சிங்கின் ஈரப் படிகளில் கால் நடுங்கும், நேரமும் மதியத்தைத் தாண்டிவிடும். தைப்பூச வாரத்தில் இந்தத் திட்டமே வேண்டாம், அந்தச் சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

போகிற வழியில் ஒன்றைக் கவனியுங்கள். பத்துமலையும், சாலையில் இருந்து தெரியும் புக்கிட் தாக்குன் குன்றும் சுண்ணாம்புக்கல். கன்ச்சிங் ஓடை இறங்குவது கருங்கல் மேல். சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்துக் குகையாக்கியது; கருங்கல் அப்படிக் கரைந்துவிடாமல் நிற்பதால் தண்ணீர் அதன் மேலேயே விழுந்து விழுந்து போகிறது. இருபது நிமிடப் பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

போயிட்டு வந்து பத்து நாள் ஆச்சு, இப்ப காய்ச்சல். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். எலிக் காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் வழியாகத் தண்ணீரிலும் ஈர மண்ணிலும் கலந்து, கீறல், புண், கண், வாய் வழியாக உடம்புக்குள் போகும். அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும், சிலருக்கு ஒரு மாதம்கூட. காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, அப்புறம் மஞ்சள் காமாலை என்று போகும். டெங்கி மாதிரியே தொடங்குவதால் குழப்பம் வரும். 2010இல் பஹாங்கின் லுபுக் யூ அருவியில் ஒருவரைத் தேடும் பணியில் இறங்கியவர்களுக்கு இந்த நோயும் இன்னொரு மண்கிருமி நோயும் சேர்ந்து தாக்கிச் சிலர் இறந்தார்கள்.

மருத்துவரிடம் போனதும், அவர் கேட்காவிட்டாலும், "இந்தத் தேதியில் அருவியில் குளித்தேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி தெரியாமல் வெறும் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்திலேயே கேட்கும். காலில் புண் இருந்தால் குளிக்க வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

எல்லாரும் லீவு போட்டாச்சு, காடி புக் பண்ணியாச்சு, ஆனா காலையிலேயே மழை. போயிடலாமா?

அருவிக்கு வேண்டாம். மழை பத்து மணிக்கு விட்டாலும் மேலே தேங்கியது இறங்கிக்கொண்டுதான் இருக்கும், படிகளும் காயாது. அதற்குப் பதிலாகக் கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போகலாம். அதை இங்கே ஃப்ரிம் என்பார்கள். தூரம் அதிகமில்லை. ஈயம் தோண்டி வீணான நிலத்தில் 1920களில் இருந்து மரம் நட்டு உருவாக்கிய காடு அது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நான் மேலே சொன்ன காப்பூர் மரங்களின் விலகி நிற்கும் உச்சிகளைப் படம் எடுக்கவே பலர் அங்கே போகிறார்கள். மழை விட்டதும் அந்தத் தோப்பில் பாதை தட்டையாக இருக்கும், அம்மாவும் நடக்கலாம். குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.